ஏ பிரிவுக்குக் குளம், பி பிரிவுக்குச் சுவர்

அண்ணி: இன்னொரு தடவை கூட்டு.

நாத்தனார்: எத்தனை தடவை கூட்டினாலும் அதேதான் அண்ணி. குளத்துக்குப் போன உங்க ஏ பிரிவும், வகுப்பைத் தாண்டாத என் பி பிரிவும்... சராசரி ஒண்ணு.

அண்ணி: ஒரு மார்க் கூடவா வித்தியாசம் இல்ல?

நாத்தனார்: சொல்லும்படியா இல்ல. வருஷ ஆரம்பத்துல என்ன சொன்னீங்க? மொழி டீச்சரான என் தலையில சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டிட்டு, "நீ சாக்பீஸை வெச்சுக்கிட்டு உள்ளேயே கத்து, நான் திட்டம் போட்டு வலையும் வாளியுமா வெளியே நடத்துறேன், எந்தப் பிள்ளைங்க தேறுதுங்கன்னு பார்த்துடலாம்"னு... பார்த்தாச்சு!

அண்ணி: உனக்குச் சிரிப்பா இருக்கா? ஏ பிரிவு முந்தலேன்னா தாளாளர் குளத்தைத் தூர்த்துடுவாரு. பஸ் நிறுத்த இடம் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு.

நாத்தனார்: தெரியும்... நான் சிரிக்கல.

அண்ணி: இந்தா, இந்த விடைத்தாளைப் பாரு. உன் பிரிவுப் பொண்ணு. "தட்டான் வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டை போடும். அப்போது எழும் வட்டம் மழைத்துளியின் வட்டத்தைவிடச் சிறியது." புத்தகத்துல இது எந்தப் பக்கத்துல இருக்கு?

நாத்தனார்: நான் சொல்லிக் கொடுத்தேன்.

அண்ணி: நீயா? கரப்பான் பூச்சிக்கு நாற்காலி மேல ஏறுறவ!

நாத்தனார்: படம் போட்டுக் காட்டினேன்...

அண்ணி: உன் படமா? நீ போட்ட நாரையைப் பார்த்து ஒட்டகமான்னு கேட்டாங்களாமே!

நாத்தனார்: எங்க அண்ணன் சொன்னாரா? வீட்டுல ஒரு ரகசியம் தங்காதே!

அண்ணி: பேச்சை மாத்தாதே. உண்மையைச்...

நாத்தனார்: உஷ்! வர்றாரு.

தாளாளர்: என்ன, வீட்டுச் சண்டையைப் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டு வந்துட்டீங்களா? முடிவு என்னாச்சு?

அண்ணி: ரெண்டு பிரிவும் சமம் சார்.

தாளாளர்: சமமா! அப்பவே சொன்னேனே. சேத்துல இறங்கினாத்தான் அறிவு வருமா? போன வருஷம் இதே பாடத்துல பாதிப் பேர் தேறல. இந்த வருஷம் பி பிரிவு எங்கேயோ போயிருச்சு! நாலு சுவருக்குள்ள ஒழுங்கா நடத்தினா இப்படித்தான். மொழி டீச்சர், பாராட்டு உங்களுக்குத்தான்.

நாத்தனார்: வேண்டாம் சார்.

தாளாளர்: அட, தன்னடக்கத்தைப் பாருங்க! மண் லாரிக்கு இன்னைக்கே சொல்லிடறேன்.

நாத்தனார்: பாராட்டும் வேண்டாம், லாரியும் வேண்டாம். நான் நாலு சுவருக்குள்ள நடத்தல.

தாளாளர்: என்னது?

நாத்தனார்: பி பிரிவும் வாரா வாரம் குளத்துக்குப் போச்சு. கூட்டிட்டுப் போனவ நான்.

தாளாளர்: எப்படி? குளத்துப் பக்கக் கேட்டுல பூட்டு. ஏ பிரிவு போற அன்னைக்கு மட்டும்தான் சாவி என் மேசையை விட்டு நகரும்.

நாத்தனார்: கேட் வழியா யார் போனது? பின்சுவர் ஏறி இறங்கினோம்.

தாளாளர்: இந்த வயசுலயா?

நாத்தனார்: என் வயசு சுவருக்குத் தெரியுமா சார்?

தாளாளர்: "பிள்ளைங்க உட்கார்ந்து மனப்பாடம் பண்ணினாத்தான் படிப்பு"ன்னு கூட்டத்துல வாதாடினது நீங்கதானே?

நாத்தனார்: மனசார வாதாடினேன். முதல் வாரம் உட்கார வெச்சுத்தான் நடத்தினேன். ஆம்பல் பூத்த குளத்தைப் பத்திப் பழைய பாட்டு ஒண்ணை ராகம் போட்டுப் பாடினேன். ஒருத்தி எழுந்து, "டீச்சர், ஆம்பல் வாசம் எப்படி இருக்கும்?"னு கேட்டா. எனக்கு... தெரியல. இத்தனை வருஷமா அந்தப் பூ என் நாக்குல பூத்திருக்கு, மூக்குக்கு எட்டினதே இல்ல. அதுவும் ஆம்பல் பூத்த நம்ம குளம் சுவருக்கு அந்தப் பக்கமே இருக்கு!

தாளாளர்: அதுக்காக...

நாத்தனார்: முழுசாக் கேளுங்க. வெட்கம் தாங்காம எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் பின்பக்கம் போனேன். சுவர் ஓரமா ஓர் ஏணி சாத்தியிருந்துச்சு. அடுத்த வாரமும் அதே இடத்துல இருந்துச்சு. ஆண்டவன் கருணைன்னு கும்பிட்டுட்டு ஏறினேன்.

தாளாளர்: கருணையாம்! அப்ப இந்த ஒப்பீடே செல்லாது.

நாத்தனார்: செல்லாதுதான். உள்ளேயே இருந்த பிரிவுன்னு ஒண்ணு இந்த வருஷம் கிடையாது. உள்ளேயே இருந்தது போன வருஷப் பிள்ளைங்க. ஒப்பிடணும்னா அவங்களோட ஒப்பிடுங்க. பாதிப் பேர் தேறலன்னு இப்பத்தானே உங்க வாயாலயே சொன்னீங்க!

தாளாளர்: என் வாயையே அடைக்கிறீங்களா? சரி... அறிவியல் டீச்சர், உங்க ஒரு வருஷ உழைப்பைக் கெடுத்தது உங்க நாத்தனார். புகார் எழுதிக் கொடுங்க. இவங்களை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன். அடுத்த வருஷம் நீங்க புதுசா ஆரம்பிங்க. ஒரு பிரிவு குளத்துக்கு, ஒரு பிரிவு பூட்டின வகுப்புக்குள்ள. அதுவரைக்கும் லாரி வராது.

நாத்தனார்: எழுதிடுங்க அண்ணி. குளமாவது பிழைக்கட்டும்.



தாளாளர்: என்ன யோசனை? பேனா வேணுமா?

அண்ணி: நீங்களே வெச்சுக்குங்க சார், உங்களுக்குத்தான் தேவைப்படும். வலையோட ஏ பிரிவு கிளம்பின முதல் நாள், பி பிரிவு மொத்தமும் ஜன்னல் கம்பியில மூஞ்சியை அழுத்திக்கிட்டு நின்னுச்சு. ஒப்பிட்டுப் பார்க்கணும்னு இன்னொரு வகுப்பை அப்படி நிறுத்த என்னால ஆகாது. புகார் எழுதறதுன்னா என் மேலயும் சேர்த்து எழுதுங்க. இவளே வாயைத் திறந்து சொல்லட்டும்னுதான் இவகிட்டத் தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டிருந்தேன். வாரா வாரம் தோட்டத்து ஏணியைத் தூக்கிட்டு வந்து பின்சுவர்ல சாத்தினது ஆண்டவன் இல்ல சார்... நான்தான்.