பாண்டு வந்துகினு கீறான்

விடியற்காலை அஞ்சு இருபது. மணிமங்கலம் தாண்டி ஒரு ஏரிக்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர். இன்னொரு பக்கம் கல் நட்டுப் பிரித்த மனைகள், முள்வேலி. விளக்கு கிடையாது. நடுவில் ஒரே ஒரு ஆள் நடந்து போகிறார்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரன்ட் வந்தாலும் யாரும் பாதியில் மொட்டை மாடியை விட்டுக் கீழே இறங்கிப் போகக்கூடாது.

கம்பெனியில் என் லைனில் வேலை பார்க்கிற கங்காவின் தாய்மாமா அவர். பெயர் பாண்டுரங்கன். ஒரகடத்தில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. கங்கா இன்றைக்கு ஊருக்குப் போயிருக்கிறாள், அதனால்தான் சொல்கிறேன். அவள் இங்கே இருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாள்.

போன மார்கழி. ஏ ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க மெயின் ரோட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். நெஞ்சில் வாக்கி டாக்கி மாதிரி ஒரு செட் தொங்கியது. அவர் ஹாம் ரேடியோ கிளப் ஆள். பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ஆசைக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள். தினமும் அஞ்சரை மணிக்கு அவர்களுக்குக் காலை நெட், அதாவது ரேடியோவிலேயே கூடுகிற கூட்டம். கிளப் செயலாளர் சுபாஷ் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவரவர் இருக்கிற இடத்திலிருந்து ஆஜர் சொல்வார்கள். பல் விளக்கிக்கொண்டே சொல்பவர்களும் உண்டு.

அஞ்சரைக்கு இன்னும் பத்து நிமிஷம். யாரும் பேசாத நேரம்.

செட் தானாக உயிர் பெற்றது. கர்ர்ர்...

முதலில் மழைச் சத்தம். தகரத்தின் மேல் கொட்டுகிற மழை. பாண்டுரங்கன் அண்ணாந்து பார்த்தார். வானம் நிறைய நட்சத்திரம். அப்புறம் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். அப்புறம் ஒரு குரல்.

"கன்ட்ரோல்... தண்ணி கல்லு மேல ஏறிடுச்சு. நான் கெளம்பட்டுமா?"

அது யாக்கோபு. அவருடைய உயிர்த் தோழன். செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

யாக்கோபுவின் கேள்விக்குப் பதிலும் வந்தது. பதில் சொன்ன குரல் சுபாஷுடையது.

"இருடா. பாண்டு வந்துகினு கீறான். வண்டிய எடுத்துட்டான். பத்து நிமிஷம்."

செட் அடங்கிவிட்டது. மழைச் சத்தமும் போய்விட்டது. பச்சைச் சேற்று வாடை மட்டும், யாரோ இப்போதுதான் மண்ணைக் கிளறிவிட்ட மாதிரி... அஞ்சரைக்கு வழக்கம் போல சுபாஷ் வந்தார், எல்லாருக்கும் காலை வணக்கம் சொன்னார், பெயர்களைப் படித்தார். பாண்டுரங்கன் ஆஜர் சொல்லவில்லை.

யாக்கோபு எப்படிச் செத்தார் என்று சொல்ல வேண்டும்.

அந்தக் கிளப்பில் இருபது பேர் இருப்பார்கள். கம்பெனி ஆட்கள், ஒரு எலக்ட்ரீஷியன், கம்ப்யூட்டர் டீச்சர் ஐஸ்வர்யா, இப்படி. மாதம் ஒரு ஞாயிறு படப்பையில் ஒரு வெல்டிங் கடை மாடியில் கூடுவார்கள். புதுசாகச் சேர்கிறவர்களுக்குப் பரீட்சைப் பாடம் நடக்கும். டீயும் பஜ்ஜியும் வரும். ஸ்பூனால் டம்ளரில் தட்டியே மோர்ஸ் தந்திக் குறியில் ஒருத்தரை ஒருத்தர் கிண்டலடிப்பார்கள். யார் வீட்டு மாடியிலாவது ஏரியல் கம்பம் நட வேண்டும் என்றால் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். கம்பத்தின் மேலே ஏறுகிறவர் யாக்கோபு. கீழே கயிற்றைப் பிடிக்கிறவர் பாண்டுரங்கன். வேறு யார் பிடித்தாலும் யாக்கோபு ஏற மாட்டார்.

அந்த வருஷம் மூன்று நாள் விடாமல் மழை. போன் இல்லை, கரன்ட் இல்லை. அதிகாரிகள் கிளப்பிடம் உதவி கேட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் கன்ட்ரோல் அறை போட்டு சுபாஷ் உட்கார்ந்தார். யாக்கோபுவை ஏரி மதகில் நிறுத்தினார்கள். அளவுக்கல்லில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அரை மணிக்கு ஒரு தரம் சொல்ல வேண்டும். மதகிலிருந்து வண்டியில் பத்து நிமிஷ தூரத்தில்தான் பாண்டுரங்கன் வீடு. சாயங்காலமே அவர் செட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டது. தீர்வதற்கு முன்னால் கன்ட்ரோலில் சொல்லியிருந்தார், தேவைப்பட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள் என்று. வண்டியில் பெட்ரோல் போட்டு, மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, வாசலிலேயே நாற்காலி போட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை.

விடியும்போது கரை உடைந்தது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது.

யாக்கோபு சொல்லாமல் கொள்ளாமல் மதகை விட்டுப் போய்விட்டார் என்று கன்ட்ரோல் நோட்டில் எழுதியிருந்தது. அவர் மனைவி செல்லம்மாளிடமும் அதையே சொன்னார்கள். அந்த அம்மா சவப்பெட்டியைத் தட்டித் தட்டி, "ஏன்யா யார்கிட்டயும் சொல்லாம போன" என்று அவரையேதான் திட்டி அழுதார்.

அடுத்த வருஷம் பாண்டுரங்கனுக்குச் சுபஸ்ரீயுடன் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றது சுபாஷ். கிளப் மொத்தமும் வந்து பந்தி பரிமாறியது.

இப்போது அந்தக் குரல் தினமும் வந்தது. அதே அஞ்சு இருபது. இரண்டாம் நாள், "பாண்டு லைட்டு தெரியலயே" என்றது. மூன்றாம் நாள், "முட்டி வரைக்கும் வந்துடுச்சு" என்றது. ஒவ்வொரு தரமும் சுபாஷின் குரல் அதையே சொன்னது. இருடா. பாண்டு வந்துகினு கீறான். கிளப்பில் வேறு யாருக்கும் இது கேட்கவில்லை. இரண்டு பேரிடம் விசாரித்துப் பார்த்தார். உடம்பைப் பார்த்துக்கொள், ஓவர்டைம் பார்ப்பதைக் குறைத்துக்கொள் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து எல்லாரும் படியிறங்கும்போது ஐஸ்வர்யாவை மட்டும் நிறுத்தினார். அன்றைக்குக் கன்ட்ரோலில் சுபாஷுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு எழுதியவள் அவள். யாக்கோபு கிளம்பட்டுமா என்று கேட்டாரா என்றுதான் கேட்டார். அவள் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு யாருண்ணா சொன்னது?"

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரிகள் அடுத்த அளவு என்ன, அடுத்த அளவு என்ன என்று தலைமேல் நின்றிருக்கிறார்கள். மதகில் ஆள் இல்லை என்று சொன்னால் கிளப்புக்கு அசிங்கம் என்று சுபாஷ் நினைத்திருக்கிறார். யாக்கோபு நாலு தரம் கேட்டிருக்கிறார். நாலு தரமும் சுபாஷ் பாண்டு பெயரைச் சொல்லியே நிறுத்தி வைத்திருக்கிறார்.

"வேற யார் பேர சொல்லி இருந்தாலும் அவரு கெளம்பி இருப்பாருண்ணா. உங்க பேர சொன்னதால நின்னுட்டாரு."

அந்த அறையில் ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். வேறு இடங்களில் செட் வைத்திருந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். கிளப்பிலேயே அது தெரியாத ஒரே ஆள் பாண்டுரங்கன். பந்தி பரிமாறிய அத்தனை கைகளுக்கும் தெரியும்... பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்கு ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்ததாம். எல்லா முகமும் சிரித்துக்கொண்டிருந்ததாம்.

மறுநாள் விடியற்காலை வண்டியை எடுத்துக்கொண்டு நேராக மதகுக்கே போனார். உடைந்த இடத்தில் புது சிமென்ட். தண்ணீர் அசையவே இல்லை. அஞ்சு இருபது. கர்ர்ர்... மழைச் சத்தம். யாக்கோபு பேச ஆரம்பிப்பதற்குள் இவர் செட்டில் பேசுகிற பட்டனை அமுக்கிவிட்டார்.

"யாக்கோபு, நான் பாண்டு. எங்கிட்ட யாருமே சொல்லலடா. சொல்லி இருந்தா வந்திருப்பன். நீ அங்க நிக்காத. கெளம்பு."

விரலை எடுத்தார். மழைச் சத்தம் மட்டும். ரொம்ப நேரம்... அப்புறம் யாக்கோபு பேசினார். இவரிடம் பேசவில்லை.

"கன்ட்ரோல்... பாண்டு கொரல்ல வேற யாரோ பேசறாங்க."

"அத கேக்காத," என்றது சுபாஷின் குரல். "அது பாண்டு இல்ல. பாண்டு வந்துகினு கீறான். நீ அங்கயே இரு."

அப்போதுதான் பாண்டுரங்கனுக்குப் பொறி தட்டியது. இது இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேசிய பேச்சில்லை. அன்றைக்கு இந்த வார்த்தைக்கு இடமே இல்லை. இது இப்போது, இந்த நிமிஷம் யாரோ சொல்கிற பதில்.

வண்டியைத் திருப்பினார். சேரப்பணஞ்சேரியில் சுபாஷ் வீடு. கேட்டைத் திறந்தது சுபாஷின் மனைவி லீலா. இவர் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் மாடியைக் காட்டினார். இவர் விசாரிக்காமலேயே மெதுவாகச் சொன்னார், இரண்டு வருஷமாகத் தினமும் இப்படித்தான் என்று. அஞ்சு மணிக்கு எழுந்து மேலே போய்விடுகிறாராம். முதலில் செட்டுக்கு வயரையே சொருக மாட்டாராம். லைட்டு எரியாத செட்டில் யாரிடமோ இருடா, இருடா என்று பேசுவாராம். அது முடிந்த பிறகுதான் வயரைச் சொருகி நெட்டுக்குப் பெயர் கூப்பிடுவாராம்.

மாடி அறையில் சுபாஷ் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நெட் நடக்கவில்லை. வயர் தரையில் கிடந்தது. மைக் கையிலேயே இருந்தது. மார்கழிக் குளிரில் பனியன் வேர்வையில் ஒட்டியிருந்தது. பாண்டுரங்கனைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை.

"என் பேர ஏண்டா சொன்ன?"

"உன் பேர சொன்னாதான் அவன் இருப்பான்," என்றார் சுபாஷ். "அன்னிக்கும் அப்படித்தான். இப்பவும் அப்படித்தான். நான் நிறுத்தினா அவன் கெளம்பிடுவான், பாண்டு. கெளம்பினா எங்க வருவான், சொல்லு."

அவனிடம் உண்மையைச் சொல், போகச் சொல் என்று பாண்டுரங்கன் கெஞ்சினார். பனியனைப் பிடித்துக்கூடக் கேட்டார். சுபாஷ் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பாண்டுரங்கன் தன் கம்பெனிப் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து மைக் வயரை வெட்டினார். மைக்கைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். பின்னால் சுபாஷ் அழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள். பாண்டுரங்கன் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றார். அஞ்சு இருபது.

"கன்ட்ரோல்... கன்ட்ரோல்..."

பதில் இல்லை. யாக்கோபு விடாமல் கூப்பிட்டார். ஏழு தரமோ எட்டு தரமோ. பாண்டுரங்கன் செட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பேசினால் யாக்கோபு நம்ப மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

"கன்ட்ரோல் இல்ல போலகீது," என்றது அந்தக் குரல், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "பாண்டு வூடு பக்கம்தான. அங்கயே போய் இருக்கன்."

மழைச் சத்தம் சட்டென்று நின்றது.

பாண்டுரங்கன் ஓடினார். கரை ரோட்டில் இரண்டு கிலோமீட்டர். பஸ் வந்து ஹாரன் அடித்ததுகூட அவருக்குக் கேட்கவில்லையாம். வழியில் யாரையும் பார்க்கவில்லை. தவளைச் சத்தம், பூச்சிச் சத்தம் எதுவும் இல்லை. அவர் செருப்புச் சத்தம் மட்டும்.

வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. சுபஸ்ரீ அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவள் யாக்கோபுவைப் பார்த்ததே கிடையாது. போட்டோகூடப் பார்த்ததில்லை.

அவளாகவே சொன்னாள்.

"உங்க ஃப்ரெண்டு வந்துகீறாரு. தொப்பலா நனைஞ்சிட்டாரு பாவம். நீங்கதான் இருக்கச் சொன்னீங்களாமே. உங்க சட்ட ஒண்ணு குடுத்தன். உள்ள மாத்தினு கீறாரு."

அறைக் கதவு சாத்தியிருந்தது. இவர் தள்ளினார். யாரும் இல்லை. ஜன்னலில் கம்பி. தரையைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. காலி ஹேங்கர் மட்டும் கொடியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதில் எப்போதும் தொங்குவது கம்பெனி நீலச் சட்டை. பாக்கெட்டின் மேல் பாண்டுரங்கன் என்று பெயர் தைத்தது.

ஏழு மணிக்கு லீலா போன் செய்தார். குரலில் பதற்றம் எதுவும் இல்லை.

"பாண்டு, அவர எப்ப அனுப்புவ? டீகூட குடிக்காம உங்கூட வந்துட்டாரு."

"நான் வரலயே அண்ணி."



"வாசல்ல நின்னு நீதான கூப்ட்ட," என்றார் லீலா. "கம்பெனி சட்ட போட்டுகினு."

சுபாஷ் இன்றுவரை திரும்பவில்லை. பாண்டுரங்கனை மூன்று நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். கிளப்பிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்ல ஐஸ்வர்யாகூட வரவில்லை. அவர்கள் எல்லாரும் செட்டை விற்றுவிட்டதாகக் கங்கா சொன்னாள். செல்லம்மாள் மட்டும் மூன்று நாளும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாராம்.

அவரை விட்டதற்குக் காரணம் ஒரு குடோன் வாசல் கேமரா. போலீஸ்காரர்கள் அதை அவருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அஞ்சு ஐம்பத்திரண்டு. ஏரிக்குப் போகிற ரோடு. சுபாஷ் லுங்கி பனியனோடு தனியாக நடந்து வருகிறார். கூட யாரும் இல்லை. ரோடு குறுகுகிற இடத்தில் ஒரு பள்ளம், ஒரு ஆள் மட்டும் தாண்டுகிற அகலம். அங்கே வந்ததும் நிற்கிறார். ஓரமாக ஒதுங்கி, யாரையோ முன்னால் போக விடுகிறார். அந்த ஆள் தாண்டி முடிக்கிறவரை பொறுத்திருக்கிறார். அப்புறம் கையை நீட்டுகிறார்... அந்தப் பக்கம் இருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி, பள்ளத்தைத் தாண்டிவிடுகிறார்.