ஓட்டுநரின் பங்கு

எனக்குச் சளி பிடிப்பது அபூர்வம். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். மழைக்காலத்தில் வீடே மூக்கைச் சிந்திக்கொண்டு கிடக்கும்போதும், அடுப்பில் எது தீய்கிறது என்பதைக் கூடத்தில் படுத்தபடியே நான் சொல்லிவிடுவேன். நேற்று நீங்கள் என்னை அனுப்பும்போது, “அன்னைக்கு உங்களுக்குச் சளி, வாசனை தெரியல, அவ்வளவுதானே?” என்று கேட்டீர்கள். நான் தலையை ஆட்டிவிட்டுப் போனேன். இன்று காலையில் காபியை முகர்ந்ததும் அந்தக் கேள்விதான் திரும்ப வந்தது. அதனால்தான் கூப்பிடாமலே காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். ஒரு சின்னத் திருத்தம், அவ்வளவுதான்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஒருநாள் சுற்றுலா. காலையில் விடுதி வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மலை முகடு, அருவி, மதியச் சாப்பாடு, அப்புறம் விஸ்கி ஆலை, பொழுது சாயும்போது திரும்ப வாசல். மலை தானாகப் பேசாது. அதற்குப் பதிலாகப் பேச ஒருவன் வேண்டும். விஸ்கியும் அப்படித்தான். இவ்வளவு தூரம் வந்த மனிதன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு “நல்லாருக்கு” என்று மட்டும் சொன்னால் அவனுக்கே கேவலமாக இருக்கும். அவனுக்குச் சொற்கள் வேண்டும். நான் கொடுப்பேன். தேன்கூடு. மழை ஓய்ந்த மரப்பட்டை. பூட்டிவைத்த நூலகம். முதலில் மூக்கு, பிறகுதான் நாக்கு என்று ஆரம்பித்தால் வங்கி மேலாளர்கூடக் கண்ணை மூடிக்கொள்வார்.

வண்டி ஓட்டியவர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை நல்ல மனிதர். இதை யார் முன்னாலும் சொல்வேன். ஒரு காலத்தில் குடித்தார். சாதாரணமாக அல்ல. அப்போதெல்லாம் தங்கை என்னைத்தான் கூப்பிடுவாள். “அண்ணே, அவர் இன்னும் வரல.” நான் போவேன். எந்தக் கடை வாசலில் கிடந்தாலும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வருவேன். குளிப்பாட்டுவேன். அக்கம்பக்கத்தில், “இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்” என்பார்கள். காதில் விழாதது போல நடப்பேன். விழும்.

பிறகு அவர் குடியை விட்டார். எப்படி விட்டார் என்று தெரியவில்லை. என்னிடம் யோசனைகூடக் கேட்கவில்லை. வேலை மட்டும் கேட்டார்கள், நான் வாங்கிக் கொடுத்தேன். குடியை விட்டவனை விஸ்கி ஆலை வாசலில் நிறுத்துவதா என்று நீங்கள் கேட்கலாம். வேறு வேலை இருந்ததா என்று நான் கேட்பேன். நாங்கள் உள்ளே ருசி பார்க்கும்போது அவர் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். அந்த வைராக்கியத்தை நான் மதித்தேன்.

ஒருநாள் மட்டும் மழைக்கு ஒதுங்கி ருசி பார்க்கும் அறையின் கதவோரம் வந்து நின்றார். நான் கோப்பையை உயர்த்தி, “கவனியுங்கள், அடியில் மெல்ல ஒரு ஈரத் தோலின் வாசனை வரும்” என்றேன். எல்லோரும் முகர்ந்து, ஆமாம் என்றார்கள்.

“அது என் ஷூ மச்சான்,” என்றார் அவர். “காலையில ஓடையில இறங்கிட்டேன்.”

விடுதி திரும்பும்வரை வண்டியில் சிரிப்பு. இறங்கும்போது அத்தனை பேரும் அவர் கையைக் குலுக்கினார்கள். அந்தச் சிரிப்புக்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. அதைச் சொல்லிவிட்டால் நீங்கள் தேடவேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

சம்பந்தம் இருப்பது தங்கை சொன்ன ஒரு வார்த்தையோடுதான். ஒரு மாலை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தேநீர் கொடுத்தாள். ஜன்னலுக்குப் புதுத் திரை. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். “இனிமே நீங்க எங்களுக்காக அலைய வேண்டாம்ணே. உங்களுக்கும் நிம்மதி,” என்றாள். மனதாரச் சொன்னாள். பணி ஓய்வு பெறுகிறவன் கையில் கைக்கடிகாரத்தைத் திணிப்பார்களே, அந்த அன்பு. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசலில் அவரே வந்து எனக்கு விளக்கைப் போட்டார். அந்த வீட்டில் விளக்குப் போடுகிறவன் நானாகத்தான் இருந்தேன்.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி ஓட்டுகிறவன் குடிக்கக் கூடாது. ஆனால் அவனை விட்டுவிட்டுக் குடிப்பதும் மரியாதை இல்லை. அதனால் அவன் பங்கைக் கட்டைவிரல் உயரப் புட்டியில் ஊற்றி, மூடி, வழிகாட்டியிடம் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்ளட்டும் என்று. ஓட்டுநரின் பங்கு என்று பெயர். அதுவரை அதை நான் வண்டியில் வினாடி வினா வைத்துப் பரிசாகக் கொடுத்துவிடுவேன். அந்த மாலைக்குப் பிறகு, அடுத்தவனுக்கு உரியதைத் தானம் செய்ய நான் யார் என்று தோன்றியது. அதை அவர் இருக்கைக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டியில் வைத்தேன்.

“மச்சான், இதை எதுக்கு இங்க வைக்கிறீங்க? எடுத்துடுங்க.”

“மறந்துட்டேன் மாப்ள.”

எடுத்தேன். அடுத்த தடவையும் மறந்தேன். அவர் கேட்டபோதெல்லாம் எடுத்தேன், அதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒருபோதும் வற்புறுத்தவில்லை. ஒருநாள் அவர் கேட்கவில்லை. புட்டி பெட்டியிலேயே இருந்தது. பிறகொரு நாள் இருந்தது, ஆனால் காலியாக. நான் எதுவும் பேசாமல் அதை எடுத்துவிட்டு நிறைந்ததை வைத்தேன். பிறகு பெட்டியில் புட்டியே இருக்காது, நான் இன்னொன்றை வைப்பேன். பெரிய மனிதர்களுக்கிடையே இதையெல்லாம் பேசிக்கொண்டிருப்பது அநாகரிகம்.

என் பேச்சையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் திரும்பி மலையிறங்கும் வழியில் மலையைப் பற்றித்தான் ஒலிவாங்கியில் பேசுவேன். இப்போது விஸ்கியைப் பற்றிப் பேசினேன். நாக்கில் படும் முதல் சூடு, தொண்டையில் இறங்கும் இனிப்பு, நெஞ்சில் மெல்லப் பரவுவது. பின்னால் பாதிப் பேர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கு எதிரே அவர் பிடரி. நான் ஒரு சொல்லை நிறுத்திச் சொல்லும்போது அந்தப் பிடரியில் ஒரு நரம்பு இழுபடும். உண்மையைச் சொல்கிறேன், இத்தனை வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே ரசிகர் அவர்தான்.

அந்த நாளுக்கு வருகிறேன். பனி மூட்டம். முகட்டில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததைக் காட்டி நான் வர்ணித்தேன், எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். குழுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். ஆலையில் கோப்பையை முகர்ந்துவிட்டு, தீர்ப்பு வாசிக்கிற குரலில், “இதில் அத்திப்பழம் இருக்கிறது” என்றார். இல்லை. ஆனால் மேல்முறையீடு செய்ய யாருக்கும் துணிவில்லை. அவர் மனைவி ஒதுங்கி உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, “பின்னாடி உக்காந்தா வயித்தைப் புரட்டுதுப்பா. முன்னாடி இடம் கிடைக்குமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

புறப்படும் நேரத்தில் அவரை அழைத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். கதவைத் திறந்தேன். அப்போதுதான் அந்த வாசனை.

குடித்தவர்கள் கூட்டத்தில் எந்த மூச்சு எவருடையது என்று யாருக்குத் தெரியும் என்றுதான் நீங்களும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அன்று விருந்தினருக்கு ஊற்றியவற்றில் புகை வாசனை உள்ள ரகம் இல்லை. அது சில நாட்களாகவே இருப்பில் இல்லை. வண்டிக்குள் இருந்தது அந்தப் புகைதான். ஒன்றிரண்டு புட்டி அல்ல. நான் வைத்தவற்றை அவர் சேர்த்துவைத்து, மொத்தமாக முடித்திருக்கிறார்.

“மச்சான், நீங்க ஓட்டுறீங்களா?” என்றார். “எனக்கு இன்னைக்கு என்னமோ கண்ணு கட்டுது.”

சாவி அவர் உள்ளங்கையில் இருந்தது. கை பாதி நீண்டிருந்தது.

“நான் ருசி பார்த்தவன் மாப்ள. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல,” என்றேன். “பனிதான். மெதுவாப் போ.”

“நீங்க ஏறலையா?”

“கோப்பையெல்லாம் எடுத்துவச்சிட்டு ஆலை ஜீப்புல வர்றேன்.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன், வாத்தியார் அடிப்பார் என்று காத்திருந்து, அவர் அடிக்காமல் போகும்போது பார்ப்பானே, அப்படி. நான் நீதிபதியின் மனைவியை என் இருக்கையில் ஏற்றி உட்காரவைத்தேன். “இங்கேருந்து காட்சி நல்லாத் தெரியும்மா,” என்றேன். இருக்கைப் பட்டையையும் நானே மாட்டிவிட்டேன். மற்றவர்கள் ஏறினார்கள். கையசைத்தேன்.

அருவிக்குக் கீழே வண்டி உருண்ட வளைவு உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவும் மாப்பிள்ளையும் போய்விட்டார்கள். மற்றவர்கள் எலும்பு முறிவோடு பிழைத்தார்கள். நீதிபதி மருத்துவமனையில் யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள். நான் அன்று கோப்பைகளைத் துடைத்து வரிசையாக அடுக்கினேன். சத்தம் மேலே கேட்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு தங்கை கூப்பிட்டாள். “அண்ணே, எனக்கு இனிமே நீங்கதான்.” உடனே போனேன். இருட்டில் உட்கார்ந்திருந்தாள். விளக்கைப் போட்டேன்.

நேற்று உங்கள் அறையில் நீங்கள் என்னை, “கைக்கெட்டுற தூரத்துல நின்னிருக்கீங்க, எப்படித் தெரியாம போச்சு?” என்று கேட்டபோது, நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “எங்கண்ணனுக்கு அன்னைக்குக் கடுமையான சளி சார். காலையிலேருந்து மூக்கடைப்பு. அவருக்கு எப்படித் தெரியும்?”

என் மூக்கை இந்த உலகத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை. பிறகும் திரும்பவில்லை. எனக்காகத்தான் சொன்னாள், மறுக்கவில்லை. இருக்கிற ஒரே ஆளையும் இழக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். ஆனால் நீங்கள் யோசித்துப் பாருங்கள். நாளைக்கு இந்தத் தொழிலில் என்ன பேசுவார்கள்? கைக்கெட்டும் தூரத்தில் ஒருவன் புகை விஸ்கியில் ஊறிக் கிடந்தான், இந்த மனிதனுக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்பார்கள். ஈர ஷூவை விஸ்கி என்றவன்தானே என்பார்கள். அப்படி ஒரு பேரோடு எப்படி ஒலிவாங்கியைப் பிடிப்பது?

ஆகவே திருத்திக்கொள்ளுங்கள். எனக்குச் சளி இல்லை. கதவைத் திறந்த கணத்திலேயே எனக்குத் தெரியும். எந்த ரகம், எந்தப் பீப்பாய் என்பதுகூடத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கைப்பையில் சளிக்குத் தைலமும் மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறாள். எதைச் செய்தாலும் முழுசாகச் செய்வாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பதமாகச் சொல்லுங்கள், அவளுக்கு வேறு யாரும் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, எதுவாக இருந்தாலும் அண்ணன் பார்த்துக்கொள்வான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.