ஐந்து மணிக்குப் பிறகும் நின்றவர்

மேடையில் இருக்கும் திருமதி அடீல் ஃபென்விக் அவர்களே, இயக்குநர் பிரெய்ன் அவர்களே, கைக்குட்டையோடு அமர்ந்திருக்கும் நடிகர்களே, கைக்குட்டை இல்லாமல் சட்டைக் கையால் துடைத்துக்கொள்ளும் விளக்குக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த ஸ்டுடியோவின் இளைய நடிகர்கள் சார்பில் பேச வந்திருக்கிறேன். பதினாறு வயது ட்ரூடியான என்னை மைக் முன்னால் விட்டது அவர்கள் பிழை, பொறுத்தருள்க.

நம்மை விட்டுப் பிரிந்த நம் கதாநாயகர் ராண்டால் ஃபென்விக் நாற்பத்தொரு படங்களில் நடித்தார். முப்பத்தெட்டில் நாயகியைக் கைப்பிடித்தார். மூன்றில் குதிரைதான் கிடைத்தது. குதிரையையும் அதே காதலோடு பார்க்க ஹாலிவுட்டில் வேறு யாரால் முடியும்?

என் முதல் படத்தில் அவர் போருக்குப் போகும் அப்பா. நான் கண்ணீரை அடக்கிச் சிரித்தபடி வழியனுப்பும் மகள். அன்று காலை அவர் தொப்பிக்குள் ஒரு ரப்பர் தவளையை ஒளித்துவைத்தேன். நாள் முழுக்கக் காத்திருந்தும் அவர் அலறவே இல்லை.

ஐந்து மணிக்கு அவர் வேலை முடிந்தது. மிச்சம் என் முகத்தை மட்டும் அருகில் எடுக்கும் காட்சி. அந்நேரம் நட்சத்திரங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவர்கள் வசனத்தை உதவியாளர் வாசிப்பார். அதுதானே நம் வழக்கம்? அன்று வாசித்தவர் மளிகைப் பட்டியல்போல வாசித்தார். ஒன்பது முறை எடுத்தும் என் முகம் பலகையாகவே இருந்தது.

“இன்னும் ஒரு தடவைதான். வரலேன்னா நாளைக்கு வேற பொண்ணு,” என்றார் பிரெய்ன். தவறில்லை. நானாக இருந்தால் மூன்றாவதிலேயே துரத்தியிருப்பேன்.

வாசலில் ஓட்டுநர், “வண்டி ரெடி சார்,” என்றார்.

“நிக்கட்டும்ப்பா. மககிட்ட சொல்லிக்காம எந்த அப்பன் கிளம்புவான்?”

கேமராவுக்குப் பின்னால், எந்த ரசிகரும் பார்க்க முடியாத இடத்தில் நின்று, முழுக் குரலில் நடித்தார் ஃபென்விக். என் கண் நிறைந்தது, சிரிப்புதான் வரவில்லை. வசனம் முடிந்ததும் விடைபெறத் தொப்பியைக் கழற்றினார். தலைமேல் என் தவளை. அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். படத்தில் இருப்பது அந்தச் சிரிப்புதான்.

“இந்தா பிடிம்மா,” என்று பிறகு தவளையை நீட்டினார். “காலையிலேருந்து பட்டினி, பாவம்.”

அவர் விட்டுப்போன வேலையை யார் செய்வது? நாளை இதே தளத்தில் வின்னி என்ற பெண்ணுக்கு முதல் படப்பிடிப்பு. என் வேலை நான்கு மணிக்கு முடிகிறது, அவள் முகத்தை எடுப்பது ஐந்துக்கு. வின்னி, பின்வரிசையில் ஒளியாதே. ஐந்து மணிக்குக் கேமராவுக்குப் பின்னால் நான் நிற்பேன். இது அவர்மேல் ஆணை.

உன் தொப்பியை மட்டும் போடுவதற்கு முன் ஒருமுறை உதறிப் பார்த்துக்கொள்.