ரெண்டு கையும் முழுசா

ஒரகடம் போகும் கம்பெனி பஸ். விடிந்தும் விடியாத நேரம், கண்ணாடியெல்லாம் பனி. எனக்கு முன்சீட்டில் யூனிபார்ம் போட்ட இரண்டு பெண்கள். ஜன்னலோரம் ஒல்லியாக ஒருத்தி. பக்கத்தில் நல்ல தாட்டியான பெண், பாதி உடம்பை நடைவழியில் விட்டு சீட்டு நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து கம்பெனில நான் மெதந்தேன்டி," என்றாள் தாட்டியான பெண்.

"என்னக்கா, கனவா?"

"இல்லடி. ஷிப்டுக்கு முன்னாடி பாட்டு போட்டு எக்சர்சைஸ் பண்ண வுடுவாங்க இல்ல, அப்போ. பக்கத்துல நிக்கிறவ மேல பட்டுடுமேன்னு எப்பவும் கைய ஒடம்போட ஒட்டிக்கினுதான் ஆட்டுவேன். நேத்து ரெண்டு பக்கமும் ஆள் லீவு. கண்ண மூடிக்கினு ரெண்டு கையும் முழுசா நீட்டிட்டேன். ஏரித் தண்ணில மல்லாந்து கெடக்கிற மாதிரி இருந்துச்சு. என் கை அம்மாம் நீளம்னு எனக்கே தெரியாது."

"பொறவு?"

"கண்ணத் தொறந்தா பாட்டு முடிஞ்சு எல்லாரும் லைனுக்குப் போய்ட்டாங்க. சூப்பர்வைசர் மட்டும் நின்னுகினு, 'உனக்கு எவ்ளோம்மா எடம் வேணும்?'னு சிரிக்கிறான். கைய மடக்கிக்கினு ஓடியாந்துட்டேன். லீவு போட்டவளுங்க இன்னிக்கு வந்துடுவாளுங்க."

மணிமங்கலம் தாண்டியதும் ஒல்லிப் பெண் அவள் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு எம்பக்கத்துல நில்லுங்க. ஒங்க கை வாரப்போ நான் குனிஞ்சுக்கிடுதேன்."

"தெனமுமா குனிவ?"

"எனக்கும் அது எக்சர்சைஸ்தானக்கா. இப்பமே நீட்டிப் பாருங்க."

தாட்டியான பெண் கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டினாள். ஒல்லிப் பெண் குனிந்துகொண்டாள். அடுத்த ஸ்டாப்பில் ஏறி வந்த ஆள் நடைவழியை மறித்த கைக்கு முன்னால் நின்றார். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.