நூற்று இருபத்து நான்காவது புதிர்

பைரன் மேரோவுக்கு நான் தர வேண்டியிருந்தது அறுபத்தொரு டாலர் ஐம்பது சென்ட். அந்தக் காசுக்காகத்தான் செய்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். இந்த மாந்தா துறைமுகத்தில் அதைவிடப் பெரிய கடனோடு எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நானும் தூங்கினேன்.

விசாரணை அதிகாரி அம்மா, நீங்கள் கேட்டதில் ஒன்றைத் தவிர மற்றதற்கெல்லாம் வாயால் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் எழுத்தர் வேகமாக எழுதுகிறார், பாதியை விட்டுவிடுகிறார். அதனால் நானே எழுதித் தருகிறேன். எனக்கு நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கைபேசிக் குழுவின் பெயர் ‘மண்டைக் குடைச்சல்’. முப்பத்தாறு பேர். மீன் ஆலைக்காரர்கள், படகுக்காரர்கள், டாக்ஸி ஓட்டும் காலோ, ஆலை வாசலில் சூரை மீன் சூப் விற்கும் நின்ஃபா. புதிர் போடுவதும் அவிழ்ப்பதும்தான் வேலை. ஆரம்பத்தில் நின்ஃபாதான் எனக்குப் புதிர்களைப் படித்துச் சொல்வாள். வரிசையில் ஆள் நிற்கும்போது படிக்க மாட்டாள். அந்த எரிச்சலில்தான் நாற்பத்தெட்டு வயதில் மாதாகோவில் வகுப்பில் போய் உட்கார்ந்து எழுத்துக் கற்றேன். மூட்டை தூக்கிய கைக்குப் பென்சில் கனமாகத்தான் இருந்தது.

குழுவின் விதிகளைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது விளங்காது. புதிர் போடுகிறவர் ஒரு ஆளின் பெயரைச் சொல்லி, கெடு வைத்துப் போட வேண்டும். அந்த ஆள் கெடுவுக்குள் விடையைக் குழுவில் எழுதினால், போட்டவர் அவருக்கு ஐம்பது சென்ட் தர வேண்டும். எழுதாவிட்டால், போட்டவர் அதுவரை அவருக்குத் தர வேண்டிய பழைய பாக்கி முழுவதும் கழிந்துவிடும். அதற்கு ‘வலை அறுந்தது’ என்று பெயர். மற்றவர்களுக்கு விடை தெரிந்தால் வாயைத் திறக்கக் கூடாது. மீன் படம் ஒன்றை மட்டும் போடலாம்.

பைரன் எங்கள் ஆலையில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவன். முப்பத்தொரு வயது. நல்ல பையன், சிரித்த முகம். நான் அவன் பெயருக்கு நூற்று இருபத்து மூன்று புதிர் போட்டேன். நூற்று இருபத்து மூன்றையும் அவிழ்த்தான். காசைக் கொடுக்கப் போனால் வாங்க மாட்டான்.

“சேரட்டும் பெருசு. உனக்குச் சவப்பொட்டி வாங்குறப்ப கழிச்சுக்கறேன்.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நகைச்சுவையாகத்தான் இருந்தது.

ஒருமுறை அவன் என் பெயருக்கு ஒன்று போட்டான், பத்து நிமிடக் கெடு. நாங்கள் இருவரும் நின்ஃபா கடைப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு உடனே விடை தெரிந்துவிட்டது. அவன் காதிலேயே சொன்னேன்.

“சரிதான் பெருசு. ஆனா குழுவுல எழுதணும்ல?”

“அதான் உங்கிட்ட சொல்லிட்டேனே.”

“எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? எழுது. விதின்னா விதிதான்.”

நான் எழுதி முடிக்கும்போது பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது. அவன் எழுந்து என் முதுகில் தட்டிவிட்டுப் போனான். அதில் எனக்குக் கோபம் இல்லை. அவன் சொன்னது சரி.

நூற்று இருபத்து மூன்றாவது புதிர்தான் நானே உண்டாக்கியது. அதற்கு முந்தியவை எல்லாம் அங்கே இங்கே கேட்டவை. மீன் பெட்டிகளை அடுக்கும்போது மனதில் தோன்றியது. மூன்று பெட்டி. ஒன்றில் சூரை, ஒன்றில் கானாங்கெளுத்தி, ஒன்றில் இரண்டும் கலந்து. மூன்றின் மேலும் தப்பான சீட்டு ஒட்டியிருக்கிறது. ஒரே ஒரு பெட்டியிலிருந்து ஒரே ஒரு மீனை எடுத்துப் பார்த்து மூன்றையும் சரியாகச் சொல்ல வேண்டும். நான்கு மாதம் ஆயிற்று, அம்மா. எங்கேயும் ஓட்டை இல்லாமல் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

பைரன் கரண்டியைக் கீழே வைக்காமலே விடையை எழுதினான். ‘கலந்தது’ என்று சீட்டு ஒட்டிய பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும் என்று. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்:

“பெருசு, இது ஊரறிஞ்ச புதிரு. நெட்டுல ஆப்பிளும் ஆரஞ்சுமா கெடக்கு. நீ மீனாக்கிட்ட, அவ்வளவுதான்.”

“நான் எங்கயும் எடுக்கலப்பா. நானே யோசிச்சது.”

“சரி சரி, நீயே யோசிச்சது. நிலாவையும் நீதான் தொங்கவிட்டயாம், காலோ சொன்னான்.”

அன்று சாயங்காலம் காலோ என் படத்துக்குத் திருடன் முகமூடி மாட்டிக் குழுவில் போட்டான். முப்பது பேர் சிரித்தார்கள். நின்ஃபாவும் சிரித்தாள். எனக்கு என்ன தோன்றியது என்றால், நெட்டில் இருக்கவே முடியாத ஒரு புதிர் வேண்டும். யாரும் இதுவரை போட்டிருக்கக் கூடாது.

அதற்கு மூன்று வாரம்தான் ஆயிற்று. பழக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் சனிக்கிழமை ஆலையில் ஆள் இல்லை. பகல் காவல் எனக்கு. மதியம் ஒரு மணிக்குக் கால்பந்து ஆட்டம், ஊரே தொலைக்காட்சி முன்னால். பைரனைக் கூப்பிட்டு, மீனை உறைய வைக்கும் நாலாம் நம்பர் உறை அறைக்குள் அவனுக்காக ஒரு புதிர் ஒட்டி வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு ஆட்டத்துக்குப் போ என்றேன். மஞ்சள் ஜெர்சியோடு வந்தான், அரைக் கை.

“உள்ள ஒட்டிருக்கயா? நீ பெரிய ஆளு பெருசு. குளுருல மூளை வேலை செய்யாதுன்னு கணக்கா?”

சிரித்துக்கொண்டே உள்ளே போனான். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை எடுத்தேன். கதவு தானாகவே மூடிக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடியை நான் உடைக்கவில்லை, அது ஏப்ரலிலிருந்தே உடைந்து கிடந்தது. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், யாரோ மாற்றிச் சொல்கிறார்கள். அப்போது மணி பன்னிரண்டு நாற்பது.

கதவின் உள்பக்கம் நான் ஒட்டியிருந்த தாளை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். என் நல்ல கையெழுத்தில் எழுதியது. அதையேதான் பைரன் பெயர் போட்டு, மாலை ஆறு மணி கெடு வைத்து, குழுவிலும் போட்டேன்:

‘ஒருவன் உறை அறைக்குள் மாட்டிக்கொண்டான். கதவு உள்ளிருந்து திறக்காது. கத்தினால் வெளியே கேட்காது. கைபேசியில் சிக்னல் எடுக்காது. வெளியே ஒரு காவலாளி. அவன் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, குளிரைக் காட்டும் எண் பலகையை மட்டும்தான் பார்ப்பான். உள்ளே இருப்பவன் எப்படி வெளியே வருவான்?’

குழு களைகட்டிவிட்டது. ஆட்ட இடைவேளைக்குள் ஏழு மீன் வந்தது. முடிவதற்குள் பதினொன்று. நின்ஃபா எனக்குத் தனியாக எழுதினாள்: “குளுர அளக்குற கம்பி செவுத்துல இருக்கும்ல? அத கக்கத்துல வச்சுக்கிட்டா பலகைல எண்ணு ஏறும், மணி அடிக்கும், காவலாளி ஓடி வருவான். சரியா?” சரி என்றேன். “ரொம்ப நல்லாருக்கு அனீபால். நீயே பண்ணுனதா?” நானே பண்ணியது என்றேன். அந்தச் செய்தியை இன்னும் அழிக்கவில்லை. முடிந்தால் கைபேசியைத் திருப்பித் தரும்போது அது அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்குக் காலோ எழுதினான்: “பைரன் எங்கடா? மூளை ஒறஞ்சு போச்சா?” அதற்கும் நிறையப் பேர் சிரித்தார்கள். பைரன் மனைவி மட்டும், “இன்னும் வீட்டுக்கு வரல, யாராச்சும் பாத்தீங்களா?” என்று கேட்டிருந்தாள். ஆட்டம் பார்க்கிற இடத்தில் இருப்பான் என்று யாரோ பதில் போட்டார்கள். நான் ஒன்றும் போடவில்லை. புதிர் போட்டவர் கெடு முடியும்வரை பேசக் கூடாது.

ஆறு அடித்ததும் கதவைத் திறந்தேன். ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இப்போது நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் பதில் சொல்லாதது மறைக்க அல்ல. சரியாகச் சொல்ல வேண்டுமே என்றுதான். விடை உள்ளேயே இருந்தும் அவனுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டீர்கள். அம்மா, பைரனைப் பற்றி அப்படி நினைக்காதீர்கள். மைனஸ் இருபத்திரண்டில் இருந்த எண் பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு ஏறத் தொடங்கியது. பத்தொன்பது, பதினொன்று, நாலு. மணி அடித்தது. பதினொரு நிமிடம், அரைக் கைச் சட்டையோடு. வேறு யாராலும் முடியாது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நான் எழுந்து போய் மணியை நிறுத்தினேன். மறுபடி அடித்தது, நிறுத்தினேன். ஒன்றேகால் மணிக்கு மூன்றாம் தடவை அடித்தபோது மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். எண் மட்டும் பலகையில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மூன்றரைக்குப் பிறகு ஏறவில்லை.

ஆறு மணி ஒரு நிமிடத்துக்குக் குழுவில் நின்ஃபா எழுதினாள்: “வலை அறுந்தது. அனீபாலுக்குக் கைதட்டுங்க.” முப்பது பேர் தட்டினார்கள்.

அவன் மனைவி அந்த அறுபத்தொரு டாலர் ஐம்பது சென்டைக் கேட்டு ஆள் அனுப்பியதாகக் காவலர் சொன்னார். அவளிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பைரனுக்கு விடை தெரிந்தது, அது எனக்கும் தெரியும். ஆனால் அவன் குழுவில் எழுதவில்லை. அந்தக் கடன் கழிந்துவிட்டது. அவன் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான்: விதின்னா விதிதான், பெருசு.