உறுமல் நிக்கிற வரைக்கும்

அக்கா: உள்ள வாயேன்டா. வாசல்ல நின்னுக்கிட்டே ஆம்ப்ளிஃபயருக்கு வைத்தியம் பாப்பியா?

தம்பி: வேலைக்கு வந்திருக்கேன்க்கா, விருந்துக்கு இல்ல. இரைச்சல் நின்னதும் கெளம்பிடுவேன்.

அக்கா: சரி சரி... செருப்பையாவது கழட்டு. இந்தா, ஸ்விட்ச் போடறேன். கேளு.

தம்பி: அடேங்கப்பா! உள்ள தேனீக்கூடே இருக்கும் போல. எப்பலேருந்து?

அக்கா: காலைலேருந்து. அதான் அம்மாவ விட்டு உன்னக் கூப்பிடச் சொன்னேன்.

தம்பி: நீ கூப்பிட மாட்டே?

அக்கா: நான் கூப்பிட்டா போனை எடுத்திருப்பியா?

தம்பி: ... கிடார் வயரைப் புடுங்கு.

அக்கா: புடுங்கிட்டேன். நிக்கலையே!

தம்பி: அப்ப கிடார் மேல பழி இல்ல. வால்யூமை சைபருக்குக் கொண்டு வா.

அக்கா: வந்தாச்சு... அப்பவும் கத்துதே! ஏன்டா?

தம்பி: கோளாறு வால்யூமுக்கும் பின்னாடி இருக்கு. ப்ளக்கைப் புடுங்கு, முதுகுப் பலகையைக் கழட்டறேன். ஏய்... கையை எடு!

அக்கா: ப்ளக்கைத்தான் புடுங்கிட்டேனே!

தம்பி: புடுங்கினாலும் உள்ள கரண்ட் தேங்கி நிக்கும். தொட்டா தூக்கி அடிக்கும். தள்ளி உக்காரு.

அக்கா: ...என்னடா, பேச்சையே காணோம்?

தம்பி: ஒண்ணுமில்ல... தூசி. பக்கத்து ரூம்ல ஃப்ரிட்ஜ் ஓடுதா? அணைச்சிட்டு வா. மறுபடி போட்டுப் பாப்போம்.

அக்கா: அணைச்சாச்சு. போட்டாச்சு. அதே கத்தல்.

தம்பி: லைட்டையும் அணை. ஆம்ப்பை ஜன்னல் பக்கம் திருப்பு.

அக்கா: திருப்பினா இரைச்சல் குறையுமா?

தம்பி: பாக்கலாமேன்னுதான்.

அக்கா: நல்ல மெக்கானிக்! டீ வைக்கவா?

தம்பி: வேணாம்... சரி, வை. சக்கரை கம்மியா.

அக்கா: டேய்... அன்னைக்கு மேடையில, மைக்லயே...

தம்பி: "தாளம் தெரியாதவன்"னு சொன்னே.

அக்கா: வாய் முந்திக்கிச்சுடா. அத்தனை பேர் முன்னாடி சொன்னது தப்புதான். நீ வீட்டுப் பக்கமே வராம இருந்தது... தாங்க முடியலடா.

தம்பி: தாளம் தப்பினது நெசம்தான். அதை வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம்.

அக்கா: சொல்லியிருக்கலாம்.

தம்பி: ...சரி, விடு. டீ பொங்குது பாரு.

அக்கா: ஐயோ! இந்தா, பிடி. அது சரி, உள்ள கண்ணாடி பல்பு மாதிரி எதுக்கு ரெண்டு பெரிய வால்வு? ஒண்ணு போதாதா?

தம்பி: ரெண்டும் ஒரே பலமா இருந்தா, ஒண்ணோட உறுமலை இன்னொண்ணு அமுக்கிடும். ஒண்ணு சோர்ந்து போச்சுன்னா அமுக்க ஆள் இல்ல. இப்படித்தான் கத்தும்.

அக்கா: ஓ... அதனாலதானா? எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாதுடா. பழசைச் சொருகினா கெட்டுப் போகும்னு மட்டும்தான்...

தம்பி: என்னது?

அக்கா: நான்தான் மாத்தினேன். நல்ல வால்வு அலமாரில, சேலைக்கு அடியில இருக்கு. வேற எப்படிடா உன்ன வர வைக்கிறது? திட்டணும்னா திட்டிக்கோ.

தம்பி: அந்தச் செத்த வால்வு மேல, கெட்டதுன்னு அடையாளத்துக்கு, உன் நெயில் பாலீஷை எடுத்து செவப்புப் பொட்டு வெச்சவனே நான்தான்க்கா. பலகையைக் கழட்டினதுமே பாத்துட்டேன். இரைச்சல் நின்னதும் கெளம்பிடுவேன்னு வீறாப்பா வாயை வேற விட்டுட்டேனா... அதான் ஃப்ரிட்ஜை அணைக்கச் சொன்னேன்.