ஐயாவின் மனசறிந்தவன்

தஞ்சை ஜில்லாவின் சகல கிராமத்தாருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், சாமிதுரையாகிய நான் அடியாள் அல்ல. இன்ஸ்பெக்டர் தன் காகிதத்தில் அப்படி எழுதியிருப்பது பிழை. அந்த ஒரு சொல்லைத் திருத்தினால் போதும், மற்றதையெல்லாம் நானே ஒப்புக்கொள்கிறேன்.

அடியாள் என்பவன் சொன்னால் அடிப்பவன். சொல்லாததைச் செய்வதற்கு மூளை வேண்டும். திருவிடைமருதூர்ப் பக்கம் இராஜாங்கம் ஐயாவின் பண்ணையில் பதினெட்டு வருஷம் இருந்தேன். ஒருநாளும் அவர் எனக்கு உத்தரவு போட்டதில்லை. பெருமூச்சு விடுவார், எனக்குப் புரிந்துவிடும். விவசாயச் சங்கத்துக் கொடியைப் பார்த்து ஒருதடவை தும்மினார். மறுநாள் கொடிக்கம்பம் ஆற்றில் மிதந்தது, கூடவே அதை நட்ட காத்தானும். அவனுக்கு நீச்சல் தெரியும், ஆகவே தகராறு இல்லை. ஐயாவுக்கு அன்று ஜலதோஷம் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

தங்கம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்ததும், ஐயாவின் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பயிரிட்ட அந்த விதவை தாலுக்கா ஆபீசுக்குப் போய்த் தன் பெயரை ஏற்றிவிட்டாள். இனி அவளைக் கிளப்ப முடியாது. குறுவை முற்றித் தலைசாய்ந்து நின்றது. அவள் வீட்டுக்கு ஒரு வருஷத்துச் சோறு அதுதான். ஐயா வரப்பில் நின்று பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

மறுநாள் காலை அவள் வயலுக்கு நேராக வாய்க்கால் கரையை வெட்டிவிட்டேன். தங்கம்மாள் ஓடிவந்து உடைப்பில் உட்கார்ந்து, முதுகைக் கொடுத்துத் தண்ணீரைத் தடுத்தாள். கெட்டிக்காரி. வெட்டியது நான் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

“தம்பி, பத்து நாள்ல அறுப்புப்பா! மம்பட்டிய வச்சுக்கிட்டு என்ன வேடிக்கை? மண்ணைப் போடு!”

“எங்கக்கா போடறது?”

“என் மேலதான் போடேன், அடைச்சா சரி!”

போட்டேன். அவள் போதும் என்றபோது நிறுத்தியிருக்கலாம்தான். வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. கழுத்துக்கு மேலும் நாலைந்து வெட்டு மண் பிடித்தது. பயிருக்குத் துளியும் சேதமில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்பெக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். “யோவ், பெருமூச்சு விட்டதுக்கப்புறம் உங்க ஐயா ஒண்ணுமே சொல்லலையா?”

சொன்னார். “பாவம்டா, அவளே அறுத்துக்கட்டும். நீ அந்தப் பக்கமே போகாதே” என்றார்.